அந்தமானுக்கு ஒரு குடும்பப் பயணம்

அருப்புக்கோட்டையில் ஒரு குடும்பம். அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். அப்பாவின் தாயார் அவர்களோடு இருக்கிறார். பாட்டிக்கு வயது 68. மகனுக்கு வயது 13. மகளுக்கு வயது 7.

ஒரு நாள் இரவு, சாப்பிட்டு முடித்ததும் பேச்சு வந்தது.

"எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது போய் வரணும்ப்பா" என்றான் மகன். "சென்னையில கேளிக்கைப் பூங்கா இருக்காம். ராட்டினம், தண்ணி விளையாட்டு எல்லாம் உண்டாம்."

"எனக்குக் கடல் பாக்கணும்" என்றாள் மகள்.

பாட்டி சிரித்தார். "எனக்கு ஒரே ஆசைதான். அந்தமான் ஜெயிலைக் கண்ணால பாக்கணும். அந்தக் காலத்துல எத்தனை பேரு அங்க கிடந்து செத்தாங்கன்னு எங்க அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அம்மாவின் தம்பி போர்ட் பிளேரில் வேலை பார்க்கிறார். "ஒரு முறை வந்துட்டுப் போங்கக்கா" என்று பல முறை கூப்பிட்டிருக்கிறார். அம்மாவுக்கு அது நினைவுக்கு வந்தது. "ஏங்க, அந்தமான் போனா மூணு பேரு ஆசையும் நிறைவேறுமே" என்றார்.

அப்பா யோசித்தார். "நல்ல யோசனைதான். ஆனா கையில காசு வேணும். கணக்குப் போட்டுத்தான் போகணும்."

அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எழுத்தறிவு மையத்தில் படித்து எழுதப் பழகியவர் அவர். முதல் பக்கத்தில் 'அந்தமான்' என்று எழுதினார்.

பணம் சேர்த்த கதை

அப்பா வாரம் 600 ரூபாய் தந்தார். அம்மா வாரம் 400 ரூபாய் போட்டார். மொத்தம் வாரம் 1,000 ரூபாய். அதை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் கட்டினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு 104 வாரங்கள். 1,04,000 ரூபாய் சேர்ந்தது.

இந்தப் பணம் முழுவதையும் செலவுக்கு எடுக்கலாமா? கூடாது என்றார் அம்மா. பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்தார். அது 10,400 ரூபாய். "இது அவசரத்துக்கு. யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மீதி 93,600 ரூபாய்.

இன்னொரு செலவையும் அவர் மறக்கவில்லை. பலர் இதை மறந்துவிடுவார்கள். பயண நாட்களில் கடை மூடியிருக்கும். கடையில் செலவு போக ஒரு நாளைக்கு 800 ரூபாய் நிற்கும். 9 நாள் மூடினால் 7,200 ரூபாய் வரவு போகும். திரும்பி வந்ததும் அரிசி வாங்க வேண்டும். பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டும். ஆகவே 7,200 ரூபாயையும் கழித்தார். பயணத்துக்கு நின்றது 86,400 ரூபாய்.

கடன் வாங்கிப் போகும் பயணம், திரும்பி வந்த பிறகும் முடிவதில்லை. வட்டி நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும்.

கப்பலா, விமானமா?

அந்தமான் நிக்கோபார் தீவுகள் வங்கக் கடலில் இருக்கின்றன. தீவுகளின் எண்ணிக்கை 500-க்கும் மேல். மக்கள் வாழ்பவை சில பத்து மட்டுமே. தலைநகர் போர்ட் பிளேர். 2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று அரசு பெயர் மாற்றியது. சென்னையிலிருந்து அங்கே ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர்.

சென்னையிலிருந்து பயணிகள் கப்பல் உண்டு. போய்ச் சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். விமானத்தில் போனால் இரண்டே கால் மணி நேரம் போதும்.

"கப்பல் கட்டணம் குறைச்சல். கப்பல்லயே போவோமே" என்றார் அப்பா.

அம்மா மீண்டும் கணக்குப் போட்டார். கப்பலில் போக மூன்று நாள், வர மூன்று நாள். கடை இன்னும் ஆறு நாள் மூடியிருக்கும். அதற்கு 4,800 ரூபாய் வரவு போகும். அத்தனை நாளுக்குச் சாப்பாட்டுச் செலவும் உண்டு. அதோடு, கப்பல் தினமும் கிடையாது. மாதத்தில் சில நாட்கள்தான். தேதியும் மாறலாம்.

மகனும் மகளும் பள்ளிக்குப் போகிறவர்கள். பாட்டிக்கு வயதாகிவிட்டது. எல்லாவற்றையும் பார்த்து, விமானத்தில் போவது என்று முடிவு செய்தார்கள். நான்கு மாதம் முன்பே சீட்டு எடுத்தார்கள். பயண நாள் நெருங்க நெருங்க விமானக் கட்டணம் பெரும்பாலும் ஏறிவிடும்.

எல்லாக் குடும்பத்துக்கும் இதே முடிவு சரியாக இருக்காது. நேரம் நிறைய உள்ளவர்களுக்குக் கப்பல் ஏற்றதாக இருக்கும். கட்டணத்தை மட்டும் பார்க்காமல், முழுக் கணக்கையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

எந்த மாதம் போவது?

பள்ளிக்கு மே மாதம் முழுவதும் விடுமுறை. மே கடைசியில் போகலாம் என்று அப்பா நினைத்தார். அம்மா தம்பிக்குப் போன் செய்தார்.

"மே கடைசி வேண்டாம்க்கா" என்றார் தம்பி. "தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு ஜூன் முதல் வாக்கில் வரும். ஆனா அதுக்கு முன்னாடியே, மே மூணாவது வாரம் போல, அந்தமானுக்கு வந்துடும். அப்பக் கடல் கொந்தளிக்கும். படகு ஓடாது. பிள்ளைங்க பரீட்சை முடிஞ்சதும் ஏப்ரல் கடைசியில வாங்க."

ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்தமானில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் கூட்டம் அதிகம். விடுதி வாடகையும் அதிகம். ஏப்ரல் கடைசி வாரம் என்று அம்மா எழுதிக்கொண்டார்.

முதல் திட்டமும் அதில் இருந்த தவறும்

அன்று இரவு எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வொருவரும் தன் ஆசையைச் சொன்னார்கள். அம்மா எழுதினார்.

மகனுக்கு: படகுச் சவாரி, தண்ணீர் விளையாட்டு.
மகளுக்கு: கடற்கரை, மீன் பார்ப்பது.
பாட்டிக்கு: செல்லுலார் சிறை.
அப்பாவுக்கு: பாராட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகை.
அம்மாவுக்கு: ஒரு நாளாவது சமைக்காமல் இருப்பது.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா அதையும் எழுதி வைத்தார்.

பிறகு நாள் வாரியாகத் திட்டம் போட்டார்கள். ஏழு நாட்களும் நிரம்பிவிட்டன. ஆறாம் நாள் மாலை சுவராஜ் தீவிலிருந்து படகில் திரும்ப வேண்டும். ஏழாம் நாள் காலை விமானம். அம்மா இதைத் தம்பிக்குப் போனில் படித்துக் காட்டினார்.

தம்பி கவனமாகக் கேட்டார். "அக்கா, எல்லாம் சரி. ஆனா ரெண்டு விஷயத்தை மாத்துங்க. வெளித் தீவைக் கடைசியில வைக்காதீங்க. ஒரு நாளைக் காலியா விடுங்க."

"ஏன் தம்பி? அவ்வளவு காசு கொடுத்து வந்து ஒரு நாள் சும்மா இருக்கவா?"

"கடலை நம்ப முடியாதுக்கா. காத்து பலமா அடிச்சா படகை நிறுத்திடுவாங்க. நீங்க தீவுல மாட்டிக்குவீங்க. இங்க விமானம் போயிடும். 2016 டிசம்பர்ல புயல் வந்துச்சு. சுவராஜ் தீவுலயும் ஷாஹீத் தீவுலயும் ஆயிரத்துக்கும் மேல சுற்றுலாக்காரங்க சிக்கிக்கிட்டாங்க. கடற்படைக் கப்பல் போய்த்தான் கூட்டிட்டு வந்துச்சு. அதனால தூரத்துத் தீவை முதல்ல பாருங்க. ஊருக்குள்ள இருக்கிறதைக் கடைசியில பாருங்க."

அம்மா அப்படியே மாற்றி எழுதினார். ஏழு நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்பதும் புரிந்தது. எதை விடுவது?

பாராட்டாங் போக விடியுமுன் கிளம்ப வேண்டும். சாலை வழியாக நெடுந்தூரம். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியாகப் போகிறது. வண்டிகள் வரிசையாக, காவலோடுதான் போக முடியும். வழியில் நிறுத்தக் கூடாது. ஜாரவா மக்களைப் படம் எடுப்பதும், அவர்களுக்குத் தின்பண்டம் கொடுப்பதும் குற்றம். அவர்கள் காட்சிப் பொருள் அல்லர். அது அவர்களுடைய வீடு.

"பாட்டிக்கு அவ்வளவு தூரம் முடியாது. குகையை விட்டுடலாம்" என்றார் அப்பா. தன் ஆசையைத் தானே அடித்துவிட்டார்.

இரண்டாவது திட்டம்

நாள் 1: வந்து சேருதல். மதியம் ஓய்வு. மாலை மெரினா பூங்கா.
நாள் 2: காலைப் படகில் சுவராஜ் தீவு. இரவு அங்கே விடுதி.
நாள் 3: காலை ராதாநகர் கடற்கரை. மாலைப் படகில் திரும்புதல்.
நாள் 4: நார்த் பே, ராஸ் தீவு.
நாள் 5: தண்ணீர் விளையாட்டு வளாகம். செல்லுலார் சிறை. மாலை ஒலி ஒளிக் காட்சி.
நாள் 6: காலி.
நாள் 7: ஊர் திரும்புதல்.

சில இடங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. அந்தக் கிழமையில் போனால் கதவைத்தான் பார்க்கலாம். ஆகவே ஒவ்வோர் இடத்தின் விடுமுறை நாளையும் தம்பி கேட்டுச் சொன்னார். அம்மா பக்கத்திலேயே குறித்துக்கொண்டார்.

இரண்டு பெயர்கள்

சில தீவுகளுக்குப் பழைய பெயரும் உண்டு, புதிய பெயரும் உண்டு. 2018 டிசம்பரில் மூன்று தீவுகளின் பெயர் மாறியது. சீட்டு வாங்கும்போது குழப்பம் வராமல் இருக்க இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹேவ்லாக் தீவு – சுவராஜ் தீவு.
நீல் தீவு – ஷாஹீத் தீவு.
ராஸ் தீவு – நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு.

மூட்டை கட்டுதல்

அம்மா பட்டியல் எழுதினார். மகன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். எடுத்து வைத்ததைப் பட்டியலில் டிக் செய்தான்.

அடையாள அட்டை ஒவ்வொருவருக்கும் வேண்டும். விமானத்திலும் தீவுப் படகிலும் கேட்பார்கள். போர்ட் பிளேர், சுவராஜ் தீவு, ஷாஹீத் தீவு ஆகிய இடங்களுக்குப் போக இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. பழங்குடி மக்களின் காப்புப் பகுதிகளுக்குள் மட்டும் அனுமதியின்றிப் போகக் கூடாது.

பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரை பெரிய பெட்டியில் போகவில்லை. கைப்பையில் போனது. ஏழு நாளுக்குப் பதில் பன்னிரண்டு நாளுக்கு வாங்கினார்கள். மருத்துவர் எழுதிய சீட்டும் கூடவே இருந்தது.

ரொக்கப் பணம் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். வெளித் தீவுகளில் சில நேரம் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்காது. போன் வழியாகப் பணம் கட்ட முடியாமல் போகலாம்.

கடைசியாக அம்மா இரண்டு சிறு சீட்டுகள் எழுதினார். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர், அப்பாவின் செல்போன் எண், மாமாவின் செல்போன் எண். ஒன்றை மகளின் சட்டைப் பையில் வைத்து ஊசி குத்தினார். "கூட்டத்துல எங்களைக் காணோம்னா அங்கேயே நில்லு. அழுதுக்கிட்டு ஓடாதே. போலீஸ்காரங்ககிட்ட இதைக் காட்டு" என்றார்.

கடலில் கவனம்

அந்தமானில் பொழுது சீக்கிரம் விடியும். ஏப்ரல் கடைசியில் காலை 5 மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். மாலை 5.30 மணி அளவில் சூரியன் மறைந்துவிடும். ஆகவே காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும். மதிய வெயிலில் ஓய்வு எடுக்கலாம்.

படகில் போகும்போது சிலருக்குக் குமட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. தூரத்துக் கடல் விளிம்பைப் பார்த்துக்கொண்டு வருவது நல்லது.

திறந்த படகில் ஏறினால் மிதவைச் சட்டை போட வேண்டும். வியர்க்கிறது என்று கழற்றக் கூடாது. குழந்தைக்கு அதன் அளவில் சட்டை கேளுங்கள். பெரியவர் சட்டை குழந்தையின் தலை வழியாக நழுவிவிடும்.

சுவராஜ் தீவின் ராதாநகர் கடற்கரை புகழ் பெற்றது. வெள்ளை மணல். நீல நீர். ஆனால் அந்தமான் கடலிலும் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால், உயிர்காப்புக் காவலரிடம் கேளுங்கள். போர்ட் பிளேரில் தமிழ் பேசுவோர் பலர் இருக்கிறார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

பவளப்பாறை பார்க்க அழகாக இருக்கும். அது கல் அல்ல. சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய வீடு. அதன் மேல் நின்றால் அது உடையும். நம் காலும் கிழியும். கரையில் கிடக்கும் பவளத் துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தைப் பாதுகாக்கிறது. விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள்.

காலி நாள் காப்பாற்றியது

மூன்றாம் நாள் மதியம். குடும்பம் சுவராஜ் தீவின் படகுத் துறைக்கு வந்தது. காற்று பலமாக அடித்தது. கடல் நுரைத்தது. "இன்று மாலைப் படகு இல்லை" என்று அறிவித்தார்கள்.

சிலர் பதறினார்கள். மறுநாள் காலை விமானம் பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஒரு பெண் அழுதுவிட்டார்.

அம்மா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நான்காம் நாள் நார்த் பே. அதை அடித்தார். ஆறாம் நாளில் எழுதினார். இன்னோர் இரவு விடுதி வாடகையை அவசரப் பணத்திலிருந்து எடுத்தார். "பயப்படாதீங்க அத்தை. நமக்கு ஒரு நாள் கையில இருக்கு" என்றார்.

மறுநாள் காற்று அடங்கியது. மதியப் படகில் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை ராஜீவ் காந்தி தண்ணீர் விளையாட்டு வளாகத்துக்குப் போனார்கள். மகன் வேகப் படகில் ஏறினான். கேளிக்கைப் பூங்காவை மறந்தே போனான்.

பிறகு செல்லுலார் சிறை. அதைக் கட்டத் தொடங்கியது 1896-இல். முடித்தது 1906-இல். நடுவில் ஒரு கோபுரம். அதைச் சுற்றி ஏழு நீண்ட கட்டடங்கள், சக்கரத்தின் ஆரக்கால்கள் போல. ஏறத்தாழ 700 அறைகள். ஓர் அறைக்கு ஒரே கைதி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. கைதிகள் செக்கு இழுத்து எண்ணெய் ஆட்ட வேண்டும். இப்போது மூன்று கட்டடங்கள் மட்டும் நிற்கின்றன. 1979-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பாட்டி ஓர் அறைக்குள் போனார். சுவரைத் தடவிப் பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை. மாலை ஒலி ஒளிக் காட்சியில் சிறையின் அரச மரமே கதை சொல்வது போல வரும். அது இந்தியில் இருந்தது. பேரன் அந்த வரலாற்றை முன்பே தமிழில் படித்து வைத்திருந்தான். பாட்டியின் காதில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆறாம் நாள் நார்த் பே. பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரமும் கடலும் இருக்கும். அது இந்த இடத்தின் காட்சிதான். கடலுக்கடியில் நடக்கும் விளையாட்டுக்கு மகன் ஆசைப்பட்டான். அவனுக்குக் காது வலி வந்து போவது உண்டு. காது நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் அதில் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகளும் கூடாது. அப்பா மறுத்துவிட்டார். எல்லாரும் கண்ணாடி அடிப் படகில் ஏறினார்கள். "அத்தனை மீனும் நம்ம காலுக்குக் கீழே!" என்று கத்தினாள் மகள்.

அன்று ராஸ் தீவில் மான்களும் மயில்களும் கிட்டத்தில் வந்தன. வெள்ளைக்காரர் ஆட்சியில் அந்தமானின் தலைமையிடம் அதுதான். இன்று மாளிகைகளின் சுவர்களை ஆல வேர்கள் பற்றிப் பிடித்திருக்கின்றன.

ஏழாம் நாள் விமானத்தில் திரும்பினார்கள். அவசரப் பணத்தில் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. அம்மா அதை மீண்டும் அஞ்சலகத்தில் கட்டினார்.

நினைவில் வையுங்கள்

1. பயணத்தைப் பற்றி வீட்டில் எல்லாரும் சேர்ந்து பேசுங்கள். முதியவரையும் குழந்தையையும் கேளுங்கள்.
2. கடை மூடும் நாளின் வரவையும், விடுப்பு நாளின் கூலியையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.
3. பத்தில் ஒரு பங்கு பணத்தை அவசரத்துக்கு ஒதுக்குங்கள்.
4. தூரத்து இடத்தை முதலில் பாருங்கள். ஊருக்குள் இருப்பதைக் கடைசியில் பாருங்கள்.
5. ஒரு நாளைக் காலியாக விடுங்கள்.
6. மருந்தும் அடையாள அட்டையும் கைப்பையில் இருக்கட்டும்.
7. எந்த ஊரிலும் அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம். போர்ட் பிளேரில் செல்லுலார் சிறைக்குப் பக்கத்திலேயே ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை உள்ளது.

புதிய சொற்கள்

மிதவைச் சட்டை – தண்ணீரில் மூழ்காமல் மிதக்கச் செய்யும் சட்டை.
கழிமுகம் – ஆறு கடலில் சேரும் இடம்.
உவர்நீர் – உப்பு நீர்.
ஆரக்கால் – வண்டிச் சக்கரத்தின் நடுவையும் விளிம்பையும் இணைக்கும் கட்டை.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. மே கடைசியில் வர வேண்டாம் என்று தம்பி ஏன் சொன்னார்?
2. பாராட்டாங் பயணத்தைக் குடும்பம் ஏன் விட்டுவிட்டது?
3. பவளத் துண்டை ஏன் எடுத்து வரக் கூடாது?

ஆ. கணக்குப் போடுங்கள்.
1. வாரம் 250 ரூபாய் சேமித்தால் 52 வாரத்தில் எவ்வளவு சேரும்?
2. அதில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு?

இ. பேசுங்கள், எழுதுங்கள்.
உங்கள் குடும்பம் மூன்று நாள் பயணம் போக விரும்புகிறது. ஒவ்வொருவரின் ஆசையையும் கேட்டு எழுதுங்கள். நாள் வாரியாகத் திட்டம் போடுங்கள். மழை வந்தால் எதை மாற்றுவீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.